தெமெங்கோர் ஏரிக்கரையில் கூடாரம்: ராயல் பெலும் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

பண்டிங் தீவுப் படகுத்துறையிலிருந்து படகு புறப்பட்ட சிறிது நேரத்தில், தண்ணீருக்கு மேலே இலையும் கிளையும் இல்லாத மரங்கள் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அவை ஏரியில் முளைத்தவை அல்ல. ஏரி வருவதற்கு முன்பு அங்கே இருந்த காட்டின் மிச்சம். படகின் அடியில் கிடப்பது ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு. சுற்றிலும் தீவுகளாகத் தெரிபவை மலைகளின் உச்சிகள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே கூடாரம் போட வரும் குடும்பங்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். போர்ட்டிக்சன் கடற்கரையைப் போல மெல்ல ஆழமாகும் மணற்கரை இந்த ஏரிக்கு இல்லை. கரை என்று நாம் நினைப்பது மலைச்சரிவு. கூடாரம் எங்கே போடுவது, பிள்ளைகள் எங்கே குளிப்பது, இரவில் என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் இந்த ஓர் உண்மையை ஒட்டியே அமைகின்றன.

ஏரி உருவான கதை

பேராக் ஆற்றின் மேற்பகுதியில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டது தெமெங்கோர் அணை. 1970-களின் பிற்பகுதியில் கட்டுமானம் முடிந்ததும் நீர் தேங்கி, சுமார் 15,000 ஹெக்டர் பரப்பில் ஏரி உருவானது. தீபகற்ப மலேசியாவில் கென்யிர் ஏரிக்கு அடுத்த பெரிய செயற்கை ஏரி இதுவே.

அந்தக் காலத்தில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய இந்தக் காடு கம்யூனிஸ்டு ஆயுதப் போராளிகள் நடமாடிய பகுதி. பொதுமக்கள் எளிதில் நுழைய முடியாது. கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு - மேற்கு நெடுஞ்சாலை கடும் பாதுகாப்போடு போடப்பட்டு 1982-இல் திறக்கப்பட்டது. 1989 டிசம்பரில் ஹட்யாய் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகே இங்கே பதற்றம் தணிந்தது. மனிதர்கள் அஞ்சி ஒதுங்கியிருந்த அந்தப் பல ஆண்டுகள்தாம் காட்டைக் காப்பாற்றின என்றும் சொல்லலாம்.

நெடுஞ்சாலைக்கு வடக்கே எல்லை வரை விரிந்திருக்கும் சுமார் 117,500 ஹெக்டர் காட்டை பேராக் அரசு 2007-இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவித்தது. அதுவே ராயல் பெலும் மாநிலப் பூங்கா. நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருப்பது தெமெங்கோர் வனப்பகுதி. ஒரே ஏரி இரண்டையும் தொட்டுக் கிடந்தாலும் விதிமுறைகள் வேறு வேறு.

வழியும் அனுமதியும்

ஈப்போ பக்கமிருந்து வருவோர் கோலகங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக் வந்து, அங்கிருந்து நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் பண்டிங் தீவை அடையலாம். எண்ணெய், மருந்து, ரொக்கம், சமையல் பொருள் எல்லாவற்றையும் கிரிக்கிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு பெரிய கடைகள் இல்லை.

பூங்காவுக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். குழுவில் உள்ள அனைவரின் பெயரும் அடையாள அட்டை விவரமும் கேட்கப்படும். பதிவுபெற்ற வழிகாட்டியும் படகோட்டியும் உடன் வருவார்கள். பெரும்பாலும் அவர்களே அனுமதி வேலையையும் பார்த்துக் கொடுப்பார்கள். அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பது முறை. மழைக்காலத்தில் செல்ல நினைப்போர், பூங்கா திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே விடுப்பு எடுக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. மூடுபனியும் வளைவும் நிறைந்த மலைப்பாதை அது. 2025 ஜூன் மாதம் இந்தச் சாலையில் நடந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய மாதம், அன்னையர் தினத்தன்று, லாரி மோதி ஒரு யானைக்குட்டி மாண்டது. குட்டியை மீட்க லாரியைத் தலையால் முட்டிக்கொண்டே நின்ற தாய் யானையின் காட்சியை நாடே பார்த்தது. சாலையோரத்து யானைப் பலகைகள் அழகுக்கு வைக்கப்பட்டவை அல்ல.

கூடாரம் போடும் இடம்

பூங்காவில் சுங்கை பாப்பான், சுங்கை கெஜார் போன்ற இடங்களில் முகாம் தளங்கள் உள்ளன. பண்டிங்கிலிருந்து படகில்தான் போக வேண்டும். வழிகாட்டி காட்டும் தளத்தை விட்டு, அழகாகத் தெரிகிறது என்று வேறொரு திட்டில் கூடாரம் அடிக்கக்கூடாது. தளத்திற்குள்ளும் இடம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

முதலாவது, நீர் விளிம்பு. அணை ஏரி என்பதால் நீர்மட்டம் மழைக்கும் அணையின் தேவைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மாலையில் உலர்ந்து கிடக்கும் மண் எப்போதும் அப்படியே இருக்கும் என்பதில்லை. கரையில் நீர் நின்றுபோன கோடும், ஒதுங்கிக் கிடக்கும் சருகும் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ, அதற்கு மேலேதான் கூடாரம்.

இரண்டாவது, ஆற்று வாய். ஏரியில் கலக்கும் சிற்றாறுகளின் ஓரம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக இறங்கி வரும். மலாயில் இதை ‘கெப்பாலா ஆயேர்’ என்பார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டவுடன் சாமான்களைப் பொறுக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

மூன்றாவது, சரிவும் மரமும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மீது மண் சரிந்து 31 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓட நேரமே இருக்கவில்லை. செங்குத்தான மண் சரிவின் அடியிலோ, பட்டுப்போன மரத்தின் கீழோ படுக்கக்கூடாது. கூடாரம் அடிக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

நான்காவது, விலங்குகளின் வழி. யானைச் சாணம், பெரிய கால்தடம், சேற்றில் மிதிபட்ட பாதை தெரிந்தால் அது அவற்றின் சாலை. உப்பு மண்ணைத் தேடி விலங்குகள் வரும் இடங்களை இங்கே ‘சிரா’ என்கிறார்கள். பகலில் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். அதன் பக்கத்தில் இரவு தங்கக்கூடாது.

நீரில் இறங்கும் முன்

கரை மலைச்சரிவு என்பதால் இரண்டு அடி வைத்ததும் ஆழம் வந்துவிடும். மூழ்கிய மரங்களின் கிளைகள் நீருக்கடியில் மறைந்திருக்கும். எனவே தலைகீழாகக் குதிப்பது கூடவே கூடாது. நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். படகில் ஏறியது முதல் இறங்கும் வரை அங்கி உடலில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. பிள்ளைகள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதை முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தால், கடைசியில் யாரும் பார்ப்பதில்லை.

குடிப்பதற்கு ஏரி நீரை அப்படியே பயன்படுத்தக்கூடாது. நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். செபாராவ், தோமான் மீன்களுக்குப் பெயர்போன ஏரி இது. தூண்டில் போட விரும்புவோர் எங்கே அனுமதி உண்டு என்பதை வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமையலும் இரவும்

நெத்திலிச் சம்பலும் கருவாடும் இல்லாமல் நம்மவர்களின் முகாம் களைகட்டாது. கொண்டுபோகலாம். ஆனால் சமைத்த பாத்திரம், மிச்சச் சோறு, மீன் கழிவு எதுவும் திறந்து கிடக்கக்கூடாது. உணவைக் கூடாரத்திற்குள் வைக்கவும் கூடாது. மணம் பிடித்துக் குரங்கும் கரடியும் வரும். மூடி இறுக்கிய பெட்டியில், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். குப்பை முழுவதும் படகில் திரும்பி வர வேண்டும்.

யானை, தாப்பிர், செலாடாங் காட்டெருது, சூரியக் கரடி, புலி எல்லாம் வாழும் காடு இது. நாட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு எனத் தேசியக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அவற்றின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று பெலும் - தெமெங்கோர். புலியைக் கண்ணால் பார்ப்பது அரிது. புலிக்கு வைத்த கம்பிக் கண்ணியைப் பார்க்க நேர்ந்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வழிகாட்டியிடம் உடனே சொல்ல வேண்டும்.

மாறாக, வானத்தை நோக்கிக் காத்திருப்போர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும், அதாவது மலாயில் எங்காங் என்று நாம் அறிந்தவை அனைத்தும், இந்தக் காட்டில் உண்டு. ரஃப்லேசியா மலர் காண்பதும் ஒரு பேறு. மொட்டு விரியப் பல மாதங்கள் ஆகும். விரிந்த பூ ஒரு வாரம்கூட நிற்பது கடினம். அருகே மிதிக்கும் ஒரு கால், அடுத்த மொட்டை அழித்துவிடும்.

அட்டையும் காய்ச்சலும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டை புதிதல்ல. உப்பு, புகையிலை, சுண்ணாம்பு என்று கைவைத்தியமும் தெரியும். எனினும், கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமீது உப்பைக் கொட்டினால் அது உள்ளிருப்பதைக் காயத்தில் கக்கிவிடக்கூடும். நகத்தால் அதன் வாய்ப்பகுதியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடிப்பதே சரி. இரத்தம் உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு சற்று நேரம் நீடிக்கும். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்குத்தான். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோல் வெடிப்பு வழியாகவும் வாய் வழியாகவும் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றும். கால் கையில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்கக்கூடாது. காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாகப் பரவும் மலேரியாவும் நம் நாட்டில் உண்டு. கொசுவலை, முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி மருந்து அவசியம். வீடு திரும்பி நான்கு வாரத்திற்குள் காய்ச்சலோ, கெண்டைக்கால் வலியோ, கண் சிவப்போ வந்தால் பனடோலை விழுங்கிக் காத்திருக்கக்கூடாது. மருத்துவரிடம் “காட்டுக்குப் போயிருந்தேன், ஏரியில் குளித்தேன்” என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி சிகிச்சையின் திசையையே மாற்றும்.

ஏரிக்குள் போனால் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் இருக்காது. எந்தத் தளம், எப்போது திரும்புவது, வழிகாட்டி யார் என்ற விவரத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

காட்டின் சொந்தக்காரர்கள்

ராயல் பெலும் பகுதியில் ஜஹாய் பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். தெமெங்கோர் பக்கம் தெமியார் மக்கள் உள்ளனர். ஏரி நிரம்பியபோது பள்ளத்தாக்கில் இருந்த பூர்வகுடிக் குடும்பங்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களுக்கு அதன் வலியை விளக்கத் தேவையில்லை.

சுங்கை தியாங் போன்ற ஜஹாய் கிராமங்களுக்குப் படகு நிற்கும்போது, கேட்காமல் படமெடுப்பதும், வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், பிள்ளைகளுக்கு மிட்டாயை அள்ளி வீசுவதும் வேண்டாம். ஏதேனும் கொடுக்க விரும்பினால் வழிகாட்டி மூலம் ஊர்த் தலைவரிடம் கேட்டு, தேவையானதைக் கொடுக்கலாம். காட்டில் எதைத் தொடலாம், எந்த ஓடையில் எப்போது நீர் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவர் “இங்கே வேண்டாம், மேலே போடுங்கள்” என்று சொன்னால், பாதி அடித்த கூடாரமாக இருந்தாலும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவதே புத்திசாலித்தனம்.