மருமக்கள்வழியில் பெண் தலைமை: நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் ராணிகளும்

கொல்லம் ஆண்டு 1101இல் (1926) திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பங்கள் பொதுச்சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள அது வழிவிட்டது. தகப்பன் சொத்தில் மனைவி மக்களின் உரிமைக்கும் இடம் தந்தது. அப்போது நாட்டை ஆண்டவர் ரீஜன்ட் மகாராணி சேது லட்சுமி பாய். அந்த இருக்கை அவருக்கு வாய்த்ததே தாய்வழி உரிமையால்தான். தாய்வழி அரசி ஒருவரின் ஆட்சியிலேயே தாய்வழிச் சொத்துமுறை தளர்ந்ததை முரண்நகை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. பெண்வழியில் பிறப்பதும் பெண் ஆள்வதும் இங்கே என்றுமே ஒன்றாக இருந்ததில்லை.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நெல்வயல் பூமிதான் நாஞ்சில் நாடு. அங்குள்ள வெள்ளாளரில் மக்கள்வழியார், மருமக்கள்வழியார் என இரு பிரிவினர். தமிழ் பேசும் உழுகுடி ஒன்றில் தாய்வழித் தாயம் வேரூன்றியதற்கு திருவிதாங்கூரின் முன்னோடியான வேணாட்டின் ஆட்சியும் நாயர் வழக்கத்தின் செல்வாக்குமே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குடும்பத்தின் தொடர்ச்சி பெண்ணால். நிலம், நெல், கடன், கோர்ட்டு வழக்கு எல்லாம் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில். அவர் கண்ணை மூடினால் சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு கிடைக்கும். நாயர் தறவாடுகள் (தாய்வழிக் கூட்டுக்குடும்பங்கள்) பலவற்றில் மணமான பெண்ணும் தாய்வீட்டிலேயே இருந்தாள். நாஞ்சில் நாட்டுப் பெண்ணோ புகுந்த வீட்டுக்குப் போனாள். அதனால் உரிமை ஓரிடத்தில், வாழ்வு ஓரிடத்தில் என்று ஆயிற்று. கணவன் இறந்த மறுநாள் அவளும் அவள் பிள்ளைகளும் அந்த வீட்டில் விருந்தாளிகள். மேகாலயத்தின் காசி மக்களிடமும் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது, குடும்பத்தில் சொல் செல்வது தாய்மாமனுக்கு. பெண்வழி என்றதும் பெண்ணாட்சியைக் கற்பனை செய்துகொள்வோர் இதைக் கவனிப்பதில்லை.

அரண்மனையிலும் அதே விதிதான். அரச குடும்பத்துப் பெண்களான ஆற்றிங்கல் ராணியர் வழியே அரசுரிமை வந்தது. முடி சூடியவர் பெரும்பாலும் அவர்களின் மகன்கள். வேணாட்டு மன்னர் ராமவர்மாவின் சொந்த மகன்களான தம்பிமார், மருமகன் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து மாண்ட கதையைத் தென்குமரியின் வில்லுப்பாட்டு மரபு இன்னும் மறக்கவில்லை. வயதுவந்த ஆண் இல்லாத இடைவெளிகளில்தான் பெண்கள் நேரடியாக ஆண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமையம்மை ராணி; 1810 முதல் கௌரி லட்சுமி பாய்; 1815 முதல் 1829 வரை அவர் தங்கை கௌரி பார்வதி பாய்; 1924 முதல் 1931 வரை சேது லட்சுமி பாய்.

இடைவெளியில் வந்தவர்கள் என்பதால் ஆட்சி ஒப்புக்கு நடந்தது என்று எண்ண வேண்டாம். 1812இல் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் ஆணை லட்சுமி பாய் காலத்தில் பிறந்தது (அப்போது திவானாகவும் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோவின் கை அதில் உண்டு). 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தவர் பார்வதி பாய். அதே பார்வதி பாயின் 1829 அறிவிப்பைக் கல்குளம், இரணியல் பக்கத்து நாடார் பெண்களின் கண்ணால் படித்தால் வேறு கதை. குப்பாயம் (சட்டை) போட்டுக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை அணியக் கூடாது என்றது அது. மேல்சீலை உரிமைக்கான போராட்டம் 1859 வரை நீண்டது. அரியணையில் பெண் இருந்தும் சாதியின் பிடி தளரவில்லை என்பதை, ராணிகளைப் போற்றும் நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

மருமக்கள்வழிக்கு எதிரான பெரிய குரல் அரண்மனைக்கு வெளியே எழுந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917–18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. அங்கதக் காவியமான அதில் கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. வழக்கை ஆண் வாதியின் வாயில் வைக்காமல், முறையால் நசுங்கியவளிடமே ஒப்படைத்தது கவிமணியின் சாமர்த்தியம். ஆனாலும் எழுதிய கை ஆணுடையது. சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோரும் ஆண்களே. தங்கள் உழைப்பு மருமகனுக்குப் போவது பொறுக்காத, படித்த, சம்பளம் வாங்கும் தகப்பன்மார் அவர்கள். பெண்ணின் துயரும் தகப்பனின் ஆசையும் ஒரே மனுவில் கையெழுத்திட்டன.

சட்டம் வந்தபின் பெண் வென்றாளா? மனைவியாக வென்றாள். சகோதரியாகத் தாய்வீட்டில் இருந்த பிடிமானம் தளர்ந்தது.

அந்தப் பிடிமானம் முழுதாக அறுந்துவிடவில்லை. 1956 ஜூனில் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மருமக்கள்வழியை விளக்கும்போது நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, இவ்வழிப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வாரிசுகள் மகன், மகள், தாய். கணவர் அடுத்த வரிசையில், தகப்பனோடு. பிற இந்துப் பெண்களுக்கான 15ஆம் பிரிவில் கணவர் முதல் வரிசையில் இருக்கிறார். தாய்க்கு இடம் கணவரின் வாரிசுகளுக்கும் பிறகுதான்.