ஜப்பான்: பேரலைக்குப் பின் தன்னார்வலர்களும் அண்டை வீட்டாரும்

ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி 7.6 அளவிலான பூகம்பமும் அதையடுத்து சுனாமியும் தாக்கின. உதவிக்கு வர விரும்பிய பொதுமக்களிடம், இப்போதைக்கு வர வேண்டாம் என்று இஷிகவா மாகாண நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய பாதைகள் மீட்பு வாகனங்களுக்கே போதவில்லை. ஆகவே அந்த வேண்டுகோளில் நியாயம் இருந்தது. ஆனால் முன்பதிவு செய்த பொதுத் தன்னார்வலர்கள் சில ஊர்களிலாவது பணியைத் தொடங்க ஜனவரி 27ஆம் தேதி ஆகிவிட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட சுசு, வாஜிமா நகரங்களின் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 65 வயதைக் கடந்தவர்கள். இடிந்த வீட்டிலிருந்து ஓர் அலமாரியை வெளியே எடுப்பதற்கும் அவர்களுக்கு இன்னொருவர் துணை வேண்டும். நோட்டோவில் பூகம்பம் நேரடியாகப் பலிகொண்டவர்களைவிட, இடப்பெயர்வின் இன்னல்களாலும் நோய் முற்றியும் பின்னர் இறந்தவர்களே அதிகம்.

வரவேற்பதா, தடுப்பதா என்ற இந்தக் கேள்விக்கு 1995இல் இடமே இருக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரி 17ஆம் தேதி அதிகாலை கோபே நகரைத் தாக்கிய பூகம்பத்தில் 6,434 பேர் இறந்தனர். அரசு இயந்திரம் தடுமாறி நின்ற வேளையில், பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் யாரும் அழைக்காமலே உதவிக்குச் சென்றனர். அந்த ஆண்டைத் தன்னார்வத் தொண்டின் முதலாம் ஆண்டு என்றே ஜப்பானியர் குறிப்பிடுகின்றனர். லாப நோக்கற்ற அமைப்புகள் எளிதில் பதிவு பெற வழிசெய்யும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது.

நாளடைவில் பேரிடர்த் தன்னார்வலர் நிலையங்கள் என்ற ஏற்பாடு உருவானது. உள்ளூர் சமூக நல மன்றங்கள் இவற்றை நடத்துகின்றன. காலையில் வருபவர் பெயரைப் பதிவு செய்கிறார்; காப்பீடு உண்டு; உதவி கேட்ட வீடுகளின் பட்டியலைப் பார்த்துக் குழுக்கள் அனுப்பப்படுகின்றன. உணவும் தங்குமிடமும் தன்னார்வலரின் சொந்தப் பொறுப்பு.

2011 மார்ச் 11ஆம் தேதி நேர்ந்த 9.0 அளவிலான பூகம்பத்திலும் சுனாமியிலும் 18,000க்கும் அதிகமானோர் இறந்தோ காணாமலோ போயினர். இவாத்தே, மியாகி, புகுஷிமா மாகாணங்களில் முதலாண்டில் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர் வருகைகள் இந்நிலையங்களில் பதிவாயின. வந்தவர்கள் வீடுகளிலிருந்து சேற்றை அள்ளினர். சேற்றில் கிடந்த குடும்பப் புகைப்படங்களைக் கழுவி உலர்த்தி, உரியவர்கள் தேடி எடுக்கும்படி வைத்தனர். முதியோரின் பாதங்களை வெந்நீரில் இருத்தி, கைகளைப் பிடித்துவிட்டபடி அவர்கள் பேச்சைக் கேட்டனர். கோபேயில் தொடங்கிய இந்த வழக்கத்தால் ஒரு வீடும் எழுவதில்லைதான். ஆனால் அதிகாரியிடம் சொல்லாத குறைகளை முதியோர் அங்கேதான் சொன்னார்கள்.

கோபே தந்த கசப்பான பாடம் வேறு. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து குலுக்கல் முறையில் தற்காலிக வீடுகள் ஒதுக்கப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆயினும் பழைய அண்டை அயலார் சிதறிப்போக, துணையின்றி இறந்து பல நாட்களுக்குப் பின் கண்டெடுக்கப்படும் தனிமைச் சாவுகள் தொடர்ந்தன. 2011க்குப் பின் மியாகியின் இவானுமா நகரில் பலர் கூட்டாகவே இடம்பெயர்ந்தனர். கடலோரக் குடியிருப்புகள் ஆறு, தமௌரா நிஷி என்ற ஒரே புதிய குடியிருப்பாயின. அந்நகர முதியோரிடையே நடந்த ஆய்வில், தனித்தனியாக இடம்பெயர்ந்தவர்களின் சமூகத் தொடர்பு குறைந்ததும், கூட்டாக இடம்பெயர்ந்தவர்களின் தொடர்பு வலுப்பட்டதும் தெரியவந்தது.

பேரழிவிலிருந்து ஓர் ஊர் மீளும் வேகத்தை, இழப்பின் அளவையும் வந்துசேரும் பணத்தையும்விட மக்களிடையே உள்ள உறவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச்சின் வாதம். 2005இல் கத்ரீனா சூறாவளியில் நியூ ஓர்லியன்ஸில் தன் வீட்டை இழந்தவர் இவர். கோபேயின் மனோ பகுதியை அவர் எடுத்துக்காட்டுகிறார். தொழிற்சாலை மாசுக்கு எதிராக 1960களிலிருந்தே ஒன்றுகூடிப் பழகிய மக்கள், பூகம்பத்தன்று தாங்களே சேர்ந்து தீயை எதிர்த்துப் போராடினர்.

ஆல்ட்ரிச் ஆராய்ந்த இன்னொரு களம், 2004 சுனாமிக்குப் பிந்திய தமிழகக் கடற்கரை. அங்கு அவர் கண்டது இந்த வாதத்தின் மறுபக்கம். வலுவான மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் இருந்த இடங்களுக்கு நிவாரணம் விரைந்து சேர்ந்தது. ஆனால் அதே பஞ்சாயத்துகள் தயாரித்த பட்டியல்களில் தலித்துகளும் விதவைகளும் விடுபட்டனர். உறவுக்கட்டு இறுக்கமாக உள்ள ஊரில், கட்டுக்கு வெளியே இருப்பவரைக் கேட்பதற்கு வெளியூர்க்காரர் ஒருவர் தேவைப்படுகிறார். தன்னார்வலர் ஆற்றக்கூடிய பெரும் பணி சேறு அள்ளுவதைவிட இதுவாகவே இருக்கலாம். பதிவுப் பட்டியல் வாசலை அடைக்கும்போது இந்தப் பணியும் சேர்ந்தே நின்றுபோகிறது.

நோட்டோவில் 2024 செப்டம்பரில் பெய்த கனமழையின்போது, பூகம்பத்தில் வீடிழந்தோருக்காக வாஜிமாவில் கட்டப்பட்ட தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஒன்பது மாதத்துக்குள் சேறு அள்ளும் பணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.