தமிழ்ப்பெயர் தாங்கிய கோப்புகள் பதிவிறங்கிய கதை



இணையத்தில் ஒரு பயிற்சித் தாளைச் சொடுக்கினால் சில வேளை அது திரையிலேயே விரிகிறது. சில வேளை 'சேமிக்கவா?' என்று உலாவி கேட்கிறது. கோப்பு வருமுன் வழங்கி அனுப்பும் சில தலைப்பு வரிகளே இதைத் தீர்மானிக்கின்றன. அவ்வரிகளில் தமிழெழுத்து நுழைய நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்கம் மின்னஞ்சலில். 1992ஆம் ஆண்டு நத்தானியல் பொரென்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த 'மைம்' முறை, அஞ்சலில் வருவது உரையா, படமா, ஒலியா என்று சொல்ல வழிசெய்தது. வகை தெரியாத பைட்டுக் குவியலுக்கு 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று பெயர். வைய விரிவு வலை இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டது.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் 'சி.ஜி.ஐ.' உருவாயிற்று. கிடங்கிலுள்ள கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், வழங்கி ஒரு நிரலை இயக்கி, அதன் விடையை உலாவிக்கு அனுப்பலாம் என்ற நிலை பிறந்தது. நிரல் முதலில் தலைப்பு வரிகளை எழுத வேண்டும், அடுத்து ஒரு வெற்று வரி, அதன்பின் கோப்பு. அந்த வெற்று வரிதான் எல்லைக்கல். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி., பின்னாளில் இவ்வேலையை எளிதாக்கிற்று. கடவுச்சொல் உள்ளவருக்கு மட்டும் கோப்பைக் கொடுக்கலாம். எத்தனை பேர் எடுத்தனர் என எண்ணலாம்.

ஆனால் ஒரு தொல்லை. கோப்பின் பெயரை உலாவி முகவரியின் கடைசித் துண்டிலிருந்து எடுத்ததால், கேள்வித்தாள் 'டவுன்லோட்.பி.எச்.பி.' என்ற பெயரில் வந்து விழும்! இதற்கு மருந்தும் அஞ்சலிலிருந்தே வந்தது: 1995இல் ஆர்.எஃப்.சி. 1806 முன்வைத்த 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' வரி. 'இன்லைன்' என்றால் காட்டு. 'அட்டாச்மென்ட்' என்றால் சேமி. கூடவே ஒரு பெயர். 1999இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 ஆவணம், இவ்வரி தன் தரத்தில் அடங்காதது என்று சொல்லிக்கொண்டே, எங்கும் புழங்குவதால் விளக்கவும் செய்தது. திண்ணையில் இடம் கொடுத்த கதைதான்.

அப்பெயர்தான் நமக்குச் சிக்கல். தலைப்பு வரிகள் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளையே மனத்தில் கொண்டவை. தமிழ்ப்பெயரை ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாகப் படித்தது. வந்திருப்பது எந்த உலாவி என்று பார்த்து, நிரலாளர்கள் வெவ்வேறு வரி எழுதினர். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இலக்கணத் தாளுக்கும் உரோமன் எழுத்தில் பெயரிட்டோம். தமிழ் கற்பிக்கும் தாளுக்குத் தமிழ்ப்பெயர் இல்லை என்பது எனக்கு என்றும் உறுத்தலாகவே இருந்தது.

இன்னொரு வேடிக்கை: நிரலுக்குள் தமிழ் எழுதி அக்காலத்து நோட்பேடில் யு.டி.எஃப்-8 ஆகச் சேமித்தால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். அவை முந்திக்கொண்டு வெளியேறும்; தலைப்பு வரி அனுப்ப முடியாது என்று பி.எச்.பி. முறையிடும். தமிழ் எழுதியதற்கு அபராதம் போல!

வினையான குறையும் உண்டு. முகவரியில் வரும் பெயரைச் சோதிக்காமல் கோப்பைத் திறக்கும் நிரலுக்கு, இரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுத்தால் மேலடைவுக்கு ஏறி, வழங்கியின் அந்தரங்கக் கோப்புகளையும் எடுத்துத் தந்துவிடும்.

2010இல் ஆர்.எஃப்.சி. 5987, 2011இல் ஆர்.எஃப்.சி. 6266 ஆகியவை வழி திறந்தன. 'ஃபைல்நேம்' என்ற சொல்லுக்குப் பின் ஓர் உடுக்குறி இட்டு, யு.டி.எஃப்-8 என்று அறிவித்து, ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு எழுத வேண்டும். 'பாடம்' என்பது ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள், 15 பைட்டுகள், அவ்வரியில் 45 எழுத்துகள். பழைய உலாவிகளுக்காக உரோமன் பெயரையும் உடன் அனுப்பலாம். இரண்டும் வந்தால், உடுக்குறி அறிந்த உலாவி தமிழ்ப்பெயரையே எடுத்துக்கொள்ளும்.