செங்கோட்டையின் வெந்நீர் அறை

டில்லிக் குளிர் நமக்குத்தான் புதிது. அரண்மனைக்காரர்களுக்கு அது பழைய எதிரி. ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த செங்கோட்டையில், திவானி காஸ் மண்டபத்துக்கு வடக்கே ஹமாம் என்ற குளியலகம் இருக்கிறது. கிழக்கு அறை உடை மாற்ற. நடு அறையில் ஒரு தொட்டி. மேற்கு அறை வெந்நீருக்கும் ஆவிக்கும். சூடேற்றும் ஏற்பாடு அந்த அறையின் மேற்குச் சுவரில். தரையெங்கும் பளிங்கில் இழைத்த வண்ணக்கல் பூக்கள். விறகும் கரியும் அந்தப் பூக்களை நெருங்கவில்லை.

குளிக்கும் இடத்தைக் குறிக்கும் 'குஸல்கானா' என்ற சொல்லே முகலாயரின் அந்தரங்க ஆலோசனை மண்டபத்துக்கும் பெயரானது. வெதுவெதுப்பான இடத்தில்தானே பேச்சும் நீளும்!

1931-இல் திறப்புவிழா கண்ட புதுடில்லியின் பங்களாக்களுக்குக் கணப்பும் புகைபோக்கியும் கிடைத்தன. ஏழைக்கு அங்கீட்டி, அதாவது கரியடுப்பு. கதவைச் சாத்தி அதை மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாத விஷம், தூங்குகிறவர்கள் எழுவதில்லை.

1998-இல் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் உருவானது. குழாய் எரிவாயு மெல்ல டில்லி வீடுகளுக்குள் வந்தது. அதன் முக்கியப் பொருளான மீத்தேன் ஒரு கிலோ எரிந்தால் இரண்டு கிலோவுக்கும் மேல் நீராவி பிறக்கும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் நவீன உலைகள் அந்த ஆவியைக் குளிரவைத்து, அதன் வெப்பத்தையும் கறந்துவிடுகின்றன. மிஞ்சுவது லேசான அமிலத் தண்ணீர். புகைக்குழாயை உலை பக்கமாகச் சற்றுச் சரித்துப் பொருத்துவார்கள். தண்ணீர் திரும்பி வந்து வடிகுழாயில் இறங்கிவிடும்.