கரிசக்காடும் கருஞ்சிறுத்தைச் சின்னமும்

எங்க ஊரு மண்ணைப் பத்தி நிறைய எழுதியாச்சு. மழை பெஞ்சா செருப்பை விடாது, காஞ்சா கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அதை விட்டா வேற மண்ணு கிடையாது. இதே மாதிரி கறுத்த மண்ணு அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையா ஓடுது. அதனால அந்தப் பகுதிக்கே ‘பிளாக் பெல்ட்’னு பேர். அங்கயும் அந்தக் காலத்துல பருத்திதான். அந்தக் கரிசலில் நடந்த ஒரு உள்ளாட்சித் தேர்தலைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். உழுது பிழைத்தவர்கள் நின்ற தேர்தல் என்பதால் எனக்கு அது ரொம்ப நெருக்கம்.

அந்த ஊர்ப் பகுதிக்கு லவுன்ட்ஸ் கவுண்டி என்று பெயர். கவுண்டி என்றால் நம்ம மாவட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அங்கே இருந்ததே சுமார் 15,000 பேர். ஆனால் அதிகாரம் நம்ம ஊராட்சி மாதிரி தெருவிளக்கோடும் குடிதண்ணியோடும் நிற்பதில்லை. நமக்கு வி.ஏ.ஓ., தாசில்தார், இன்ஸ்பெக்டர் எல்லாம் மேலே இருந்து போஸ்டிங்கில் வருகிறவர்கள். அங்கே ஷெரிஃப் என்கிற போலீஸ் தலைவரையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கணும். நிலத்துக்கு மதிப்புப் போட்டு வரி நிர்ணயிக்கிறவர், அந்த வரியை வசூலிக்கிறவர், சந்தேக மரணத்தை விசாரிக்கிற கரோனர், பள்ளிக்கூட வாரிய உறுப்பினர்கள் என்று எல்லாமே ஓட்டுதான். ஒரு சம்சாரிக்கு ஜனாதிபதியை விட இந்த நாலைந்து பேர்தான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்லிடணும். அங்கே கட்சி மேலிடம் வேட்பாளர் பட்டியல் வெளியிடுவதில்லை. பிரைமரி என்று ஒரு முன்தேர்தல் வைத்து, கட்சிக்காக யார் நிற்பது என்பதையும் ஓட்டுப் போட்டே முடிவு செய்வார்கள். அந்தக் காலத்து அலபாமாவில் ஜனநாயகக் கட்சியை விட்டால் ஆள் இல்லை. மே மாதப் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் ஜெயித்த மாதிரிதான்.

லவுன்ட்ஸில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர் ஒருத்தர்கூட இல்லை. வெள்ளைக்காரர்களிலோ ஓட்டு வயது வந்தவர்களின் எண்ணிக்கையை விடப் பட்டியலில் பெயர் அதிகம். செத்தவர்கள் ஓட்டு நமக்கு ஒன்றும் புதுசில்லை என்பதால் இதை விளக்கத் தேவையில்லை.

நிலக்கணக்கு இன்னும் மோசம். 86 வெள்ளைக் குடும்பங்களிடம் 90 சதவீத நிலம். மற்றவர்கள் அதில் வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடனுக்கு வாங்கணும், பருத்தி வித்ததும் கழிச்சுக்குவாங்க. கணக்கு நோட்டு பண்ணையார் கையில். குடியிருக்கும் வீடும் அவர் இடத்தில். எங்க தாத்தாவும் கொஞ்ச காலம் வாரத்துக்கு உழுதவர்தான். எந்தச் சின்னத்துக்குக் குத்தினேன்னு பாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டாரு. சின்ன வயசில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

1965 மார்ச்சில் ஜான் ஹியூலட் என்பவரும் இன்னும் சிலரும் ஹேன்வில் என்ற தலைமை ஊருக்குப் போய்ப் பெயர் பதியக் கேட்டார்கள். அதே மாதம் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குப் போன பெரிய ஊர்வலம் இந்தக் கவுண்டி வழியாக நடந்தது. ஊர்வலம் முடிந்த அன்று ராத்திரி, ஆட்களைக் காரில் கொண்டுபோய் விட்ட வயோலா லியூஸோ என்ற பெண்ணை இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். ஊர்வலம் போன பிறகு ஸ்டோக்லி கார்மைக்கேல் உள்பட மாணவர் அமைப்பு இளைஞர்கள் சிலர் இங்கேயே தங்கி வீடு வீடாகப் போனார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அதிகாரிகளே வந்து பெயர் பதிந்தார்கள்.

பெயர் பதிந்தவர்களைப் பண்ணையார்கள் வெளியேற்றினார்கள். டிசம்பரில், குளிர் காலத்தில், எட்டுப் பத்து வருஷம் உழுத நிலத்தை விட்டு, சட்டி பானையோடு. அவர்களுக்காக 80-ஆம் நெடுஞ்சாலை ஓரம் கொஞ்சம் நிலம் வாங்கிக் கூடாரம் போட்டார்கள். ‘டென்ட் சிட்டி’ என்று பேர். ராத்திரியில் சாலையில் போகிற கார்களிலிருந்து சுடுவார்கள். உள்ளே இருந்தவர்கள் துப்பாக்கியோடு முறை போட்டுக் காவல் இருந்தார்கள். அங்கே சில குடும்பங்கள் ரெண்டு வருஷத்துக்கு மேல் இருந்தன. ஓட்டுக்குக் கொடுத்த விலை அது. நமக்கு ஓட்டுக்கு விலை என்றால் வேறு அர்த்தம்.

அதே குளிர்காலத்துக்கு முன்னால் இன்னொரு சின்னத் தேர்தலும் நடந்தது. யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி போட அனுமதி என்று முடிவு செய்யும் விவசாயக் கமிட்டித் தேர்தல். வாரக்குடிக்கும் அதில் ஓட்டு உண்டு. கறுப்பின விவசாயிகள் வேட்பாளர்களை நிறுத்தினார்கள். ஓட்டுச்சீட்டு வந்து பார்த்தால், அவர்கள் நிறுத்தாத கறுப்பினத்தார் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஓட்டுப் பிரிந்து தோற்றார்கள். ஒரே இனிஷியலில் மூணு சுயேச்சை நிறுத்துகிற வித்தையை நாம் மட்டும்தான் கண்டுபிடித்தோம் என்று இருந்தேன்.

1966 மே 3-ஆம் தேதி பிரைமரி. அதில் நிற்கலாம் என்று பார்த்தால், மனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றிவிட்டார்கள். நாள் கூலி சில டாலர் வாங்குகிறவன் எங்கே போவான்? அப்போது மாணவர் அமைப்பின் ஆராய்ச்சியாளர் ஜாக் மினிஸ் பழைய சட்டப் புத்தகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு கவுண்டிக்குள் மட்டும் தனிக்கட்சி தொடங்கலாம். பிரைமரி நடக்கும் அதே நாளில் கூட்டம் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கணும். நவம்பரில் 20 சதவீத ஓட்டு வாங்கினால் அங்கீகாரம். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னமும் வேணும்.

ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதோடு ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற வாசகமும் 1966 வரை ஓட்டுச்சீட்டில் பகிரங்கமாக இருந்தது. இவர்கள் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். அட்லாண்டாவில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னத்தைப் பார்த்து வரைந்தது. (அந்த வருஷம் அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கிய பிளாக் பாந்தர் கட்சி இதைத்தான் எடுத்துக்கொண்டது. உலகத்துக்கே அவர்களைத்தான் தெரியும்.) ஷெரிஃப் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் வேலை என்ன என்று படம் போட்ட சின்னப் புத்தகங்கள் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பதவியைப் பிடிப்பதற்கு முன்னால் அந்தப் பதவி என்ன செய்யும் என்று வாரக்குடிகள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் தனிக்கட்சிக் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது. அந்தப் பிரைமரியில் கவர்னர் பதவிக்கு இனவெறி பேசிய ஜார்ஜ் வாலஸின் மனைவி லர்லீன் நின்றார். எதிரில் ஓரளவு நியாயமான ரிச்மண்ட் ஃபிளவர்ஸ். மார்ட்டின் லூதர் கிங் போன்ற பெரிய தலைவர்களே பிரைமரிக்குப் போங்கள் என்று சொன்னார்கள். அது தப்பான யோசனை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து டல்லாஸ் கவுண்டியில் கறுப்பின மக்கள் பிரைமரியில் ஓட்டுப் போட்டுத்தான் ஜிம் கிளார்க் என்ற கொடுமைக்கார ஷெரிஃபைத் தோற்கடித்தார்கள். அங்கே தேர்ந்தெடுக்க வேறொரு வெள்ளைக்காரர் இருந்தார். லவுன்ட்ஸில் அதுவும் இல்லை.

கோர்ட்டு வாசல் புல்வெளியில் கூட்டம் போட அனுமதி கிடைக்காமல், கொஞ்ச தூரத்தில் இருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். சுமார் 900 பேர் வந்து வரிசையில் நின்று ஏழு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெரிஃபுக்கு சிட்னி லோகன். வரி மதிப்பீட்டுக்கு ஆலிஸ் மூர் என்ற அம்மா. பெரிய நிலக்காரர்களிடம் ஒழுங்காக வரி வாங்கினாலே ஏழைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்பதுதான் அவர் பேச்சு. அன்றைக்கு மாநிலத்தில் லர்லீன் வாலஸ் சுலபமாக ஜெயித்தார்.

நவம்பர் 8-இல் ஏழு பேரும் தோற்றார்கள். பண்ணையார்கள் தங்கள் வாரக்குடிகளை லாரியில் ஏற்றி வந்து தங்கள் பக்கம் போடவைத்தார்கள். லோகனுக்குச் சுமார் 1,600 ஓட்டு, எதிரிக்குச் சுமார் 2,300. லாரியில் வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டென்ட் சிட்டி ரோட்டோரம் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

20 சதவீதம் தாண்டியதால் கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1970-இல் ஹியூலட் ஷெரிஃப் ஆனார். பெயர் பதியக் கேட்டுப் போனவர், 22 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். பிறகு அவரும் ஜனநாயகக் கட்சிக்கே போய்ச் சேர்ந்தார். அதைச் சிலர் துரோகம் என்பார்கள். போலீஸ் அடி நின்றதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வார்களா என்று தெரியவில்லை.

நிலம் மட்டும் பெரிதாகக் கைமாறவில்லை. லவுன்ட்ஸ் இன்றும் ஏழைக் கவுண்டிதான். அந்தக் களிமண் தண்ணியை உறிஞ்சாது, சாதாரண செப்டிக் டேங்க் அங்கே நிற்காது, அந்த மண்ணுக்கு ஏற்றதைக் கட்ட ஜனங்களிடம் காசு இல்லை. பல வீடுகளில் கழிவுநீர் கொல்லைப்புறத்தில்தான் போய்த் தேங்குகிறது. மத்திய நீதித்துறை விசாரணைக்கு வந்ததே 2021-இல்தான்.