பர்மனன்ட் வேலையை விட்டவர்களின் அம்பத்தூர்

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில்நுட்ப ஆலோசகராகக் கிளம்புவது கணினித் தலைமுறையின் துணிச்சல் என்றே பலரும் நினைக்கிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அம்பத்தூர், பாடி, ஆவடி வட்டாரத்தில் பெரிய ஆலையின் பர்மனன்ட் வேலையை விட்டுவிட்டு ‘சொந்தமாக லேத் போட்ட’ டர்னர்களும் ஃபிட்டர்களும் டூல்ரூம் மேற்பார்வையாளர்களும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த வழியில் போனவர்கள். அவர்களின் வரலாற்றைத் தனிமனித தைரியத்தின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் வெளியே வந்தபோது நிற்பதற்கு ஓர் இடத்தை அரசும் ஆலைகளும் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தன. இன்று விலகுகிறவருக்கு அந்த இடம்தான் இல்லை.

முதலில், விட்டு வந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. 1961இல் லூகாஸ் டிவிஎஸ், 1962இல் பிரேக்ஸ் இந்தியா எனப் பாடி நிரம்பியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவற்றில் பர்மனன்ட் ஆவதென்றால் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், கேன்டீன் சாப்பாடு எல்லாம் உண்டு. பெண் கேட்டுப் போகிற வீட்டில் மரியாதையும் உண்டு. ஆனால் அச்சும் ஜிக்கும் ஃபிக்சரும் செய்யும் டூல்ரூம்காரரின் நிலை சற்று வேறு. அவருடைய திறமை ஒரே கம்பெனிக்கு மட்டும் பயன்படுவதல்ல. வரைபடத்தைப் பார்த்து உலோகத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கொண்டுவரத் தெரிந்தவரை எந்த ஆலையும் தேடும். விலகும் எண்ணம் அவருக்கு எளிதில் வந்ததற்கு இதுவே காரணம்.

எண்ணம் மட்டும் போதாதே. 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் அரசு தொழிற்பேட்டை அமைத்தது. காமராசர் ஆட்சியில் தொழில்துறையைப் பார்த்த ஆர். வெங்கடராமனின் பெயர் இதில் மறக்கக்கூடாதது. 1955இல் தோன்றிய தேசியச் சிறுதொழில் கழகம் இயந்திரத்தைத் தவணையில் கொடுத்தது. 1949இலேயே தொடங்கப்பட்ட மெட்ராஸ் தொழில் முதலீட்டுக் கழகம் கடன் தந்தது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையானபின் சிறுதொழில் கடன் இன்னும் பரவியது. எல்லாவற்றையும்விடப் பெரிய துணை ஜாப் ஒர்க். தாய் ஆலை மூலப்பொருளையும் வரைபடத்தையும் கொடுக்கும். பட்டறைக்காரர் கடைந்து, துளையிட்டுத் திருப்பித் தருவார். பழைய கம்பெனியே முதல் வாடிக்கையாளராக அமைய முடிந்தது. சம்பளத்தை விட்டவர் தமக்குப் பழகிய வட்டாரத்தையும் முகங்களையும் விட வேண்டியிருக்கவில்லை. அம்பத்தூர்ப் பேட்டையில் உற்பத்தியாளர் சங்கமும் உருவானது. ‘ஐமா’ என்று அழைக்கப்படும் அந்தச் சங்கம் நடத்தும் ‘ஆக்மி’ இயந்திரக் கண்காட்சிக்கு இன்றும் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: ஆலோசகருக்குத் தொழிற்பேட்டை ஷெட் எதற்கு, ஒரு லேப்டாப் போதாதா? முதலீடு குறைவுதான். ஆனால் பட்டறைகளை வாட்டியது இயந்திரத் தவணை மட்டுமல்ல. அதைவிடக் கொடிது பாஸ் ஆகாத பில். சிறுதொழில்களுக்குத் தாமதமாகக் கொடுக்கும் பணத்துக்கு வட்டி விதித்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2006இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் வரம்பு வைத்து, மீறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி என்றது. அதுவும் போதாமல், கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்த ஆண்டுக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாதபடி 2023இல் வருமான வரிச் சட்டத்தையே திருத்தினார்கள். ஒரே நோய்க்கு முப்பது ஆண்டில் மூன்று மருந்து என்றால் நோயின் கடுமை தெரிகிறது. மடிக்கணினியோடு தனியே நிற்கிறவருக்கும் இதே நோய்தான். அவருக்காகப் பேசச் சங்கம் இல்லை என்பது கூடுதல்.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஜாப் ஒர்க் என்பதே பர்மனன்ட் தொழிலாளரைக் குறைக்க ஆலைகள் கண்ட வழி என்பார்கள் தொழிற்சங்கத்தார். முந்நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று 1976இல் சட்டம் வந்தது. பின்னர் அந்த எண்ணிக்கை நூறாகக் குறைந்தது. அதனால் வேலையை வெளியே தள்ளுவது ஆலைக்கு லாபமானது. இதை நான் மறுக்கவில்லை. பட்டறையில் வேலை பார்த்த பையன்கள் பலருக்கு முதலாளி விட்டு வந்த பர்மனன்ட் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் லேத் முதலாளிக்கு ஒரு பிடி இருந்தது. ஒரு கம்பெனி ரேட்டைக் குறைத்தால் அடுத்த கம்பெனியின் கதவைத் தட்டலாம், இயந்திரம் அவருடையது. ஒரே கம்பெனிக்கு மட்டும் மாதாமாதம் பில் போடும் ஆலோசகருக்கு அந்தப் பிடி கிடையாது. பெயர் என்னவாக இருந்தாலும், அவர் வைப்பு நிதியும் பணிக்கொடையும் இல்லாத ஊழியர். பேட்டைக்குள் மென்பொருள் அலுவலகங்களும் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அத்தகையவர்கள் பெருகக்கூடும்.

ராஜினாமா கடிதம் எழுதப்போகிறவர் முதலில் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளட்டும்: பழைய கம்பெனியைத் தவிர இன்னும் இரண்டு வாடிக்கையாளரைப் பிடிப்பது, சிறுதொழில்களுக்கான அரசின் ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்வது, பணம் தர வேண்டிய தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது.