யு, வி, ஏ: எழுத்துக் கட்டைகளில் ஊவா

ஊவா என்றதும் இலங்கைத் தமிழர்க்கு நினைவில் எழுவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த தேயிலை மலைகளுமே. (தமிழக வாசகர்கள் 'எல்ல'வை 'எல்லை' என வாசித்துவிட வேண்டாம். சிங்களத்தில் அச்சொல்லுக்கு அருவி என்று பொருள்.) உலகெங்கும் ஸ்க்ரபிள் ஆடுவோரிடையே ஊவாவுக்கு வேறொரு மதிப்பு உண்டு. இடப்பெயர்கள் அவ்விளையாட்டில் செல்லாதவை. ஆயினும் யு, வி, ஏ என்ற மூன்றெழுத்துகளும் செல்லும். லத்தீனில் திராட்சையைக் குறிக்கும் சொல்லாக அது ஆங்கில அகராதிக்குள் புகுந்திருப்பதே காரணம். ஆடுகளத்தில் அதன் மதிப்பு ஆறு புள்ளிகள்.

ஆறு புள்ளிகள் ஒரு பெரிய விடயமா என்று கேட்கலாம். 'வி' என்ற எழுத்து கையில் சிக்கிக்கொண்டவருக்கு அது பெரிய விடயந்தான். அவ்வெழுத்தைக் கொண்ட ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூட அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆகவே வி, கியூ, இஸட் போன்ற முரட்டு எழுத்துகள் உள்ள சிறு சொற்களைத் தேடித் தொகுத்து மனனம் செய்வது தேர்ந்த ஆட்டக்காரர்களின் முதற்பாடமாக இருக்கின்றது.

இந்த விளையாட்டின் பிறப்பிலும் இத்தகைய எண்ணிக்கை வேலை உண்டு. பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்த எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் முகப்புப் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். 100 கட்டைகளில் 'ஈ' 12 ஆகவும் 'கியூ' ஒன்றே ஒன்றாகவும் அமைந்தது அவ்வாறுதான். 'எஸ்' எழுத்தை மட்டும் வேண்டுமென்றே நான்காகக் குறைத்தார். எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கி விடுவார்களே! 1948இல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு ஸ்க்ரபிள் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்.

அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அம்மக்களின் வாயிலிருந்து போன சொற்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில் குடியுரிமை பெற்றிருந்தன. கறி, மிளகுதண்ணீர், கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றை அனைவரும் அறிவர். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் நமது கணக்குப்பிள்ளைகூட உருக்குலைந்த எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்த்திசையிலும் வரவு இருந்தது. ஆங்கில 'லைன்' தோட்டத்தில் லயமாயிற்று. கண்டக்டர், கண்டாக்கையா ஆனார்.

எல்லாவற்றிலும் கனமான சொல் 'கூலி'. தமிழில் அது செய்த வேலைக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அது வேலை செய்த மனிதனையே குறித்தது. குஜராத்தின் கோலி இனப்பெயரே மூலம் என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எங்கள் பாட்டன்மாரின் பெயருக்கு முன்னால் துரைமார் எழுதிவைத்த அச்சொல்லுக்குக் கட்டைகளின் கணக்குப்படி எட்டுப் புள்ளிகள். 2021இல் விளையாட்டின் உரிமை நிறுவனமான மெட்டல், இழிசொற்கள் எனக் கருதிய சுமார் 400 சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. சொல்லுக்குப் பொருளில்லை, அது வெறும் எழுத்துக்கோவையே என்று பல ஆட்டக்காரர்கள் அப்போது எதிர்த்தனர். அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது: நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார். அவரே 2007இல் மும்பாய் இறுதியாட்டத்தில் மலேசியத் தமிழரான கணேஷ் ஆசீர்வாதத்தை வென்றவர். எனினும், பொருளை முதுகில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அது வெறும் எழுத்துக்கோவை என்று சொல்ல எனக்கு நா எழாது.

குறித்த எழுத்துள்ள சொல்லைத் தேடும் கலை தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. முதலெழுத்தை விடுத்து, இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொற்களை அது எதுகைக்காகத் திரட்டித் தருகின்றது. செய்யுள் இயற்றும் புலவனுக்கு அன்று இருந்த தேவையும் இன்றைய ஆட்டக்காரனின் தேவையும் ஒன்றே. நமது 247 எழுத்துகளையும் கட்டைகளாக்கினால் பை கிழிந்துவிடும் என்பது வேறு கதை.

எல்லவுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் இளம் ஆசிரியர் ஒருவர் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி நூறு கட்டைகள் செய்திருப்பதை அண்மையில் கண்டேன். ஆங்கிலம் வாய்க்காததால் உயர்கல்வியின் வாசலில் நின்றுவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவருடைய தந்தை. சொற்பட்டியல் நூலின் விலை அவருக்குக் கட்டுபடியாகாது. பிள்ளைகள் தாமே அகராதியைப் புரட்டி, 'வி'க்கு ஒரு பக்கம், 'கியூ'வுக்கு ஒரு பக்கம் என்று அப்பியாசக் கொப்பியில் எழுதி வருகிறார்கள். 'வி' பக்கத்தின் முதல் வரியில் ஊவா இருந்தது. ஊர்ப்பெயர் செல்லாதே என்று ஒரு சிறுமியிடம் வேண்டுமென்றே கேட்டேன். "இது நம்ம ஊவா இல்லீங்க ஐயா, திராட்சப்பழம்" என்றாள்.